காருக்கேற்ற சில்லும் சில்லுக்கேற்ற ரயரும்

மோட்டார்க் காரொன்று வீதியைத் தொட்டு நிற்கும் இடம் மிகச் சிறிது. ஒரு தொன்னுக்கு மேற்பட்ட பாரத்தையும், அதில் ஏறியிருப்போரின் உயிரையும் தாங்குபவை, ஏறத்தாழ உள்ளங்கை அகலமான நான்கு றப்பர்த் துண்டங்களே. எஞ்சின் எத்துணை வலிமை உடையதாயினும், பிரேக் எத்துணை கூர்மை உடையதாயினும், அவற்றின் ஆற்றல் முழுவதும் இந்த நான்கு துண்டங்களின் வழியாகவே வீதியைச் சென்றடைதல் வேண்டும். ஆயினும், காருக்குப் புதுச் சில்லு வாங்கச் செல்பவர் முதலிற் பார்ப்பது அதன் அழகைத்தான். ரயரைப் பற்றிய எண்ணம் பின்னரே வருகிறது. சில வேளைகளில், சில்லுக்குப் பணம் கொடுத்து முடித்த பின்னரே வருகிறது.

இவ்விடயத்தை ஓர் உதாரணத்தின் மூலம் ஆராய்வது எளிது. ஜேர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 1998ஆம் ஆண்டிலே மூன்றாம் வரிசைக் காரின் புதிய தலைமுறையொன்றை வெளியிட்டது. ஈ-46 என்பது அதன் குறிப்பெயர். நான்கு கதவுகளைக் கொண்ட குடும்பக் காராயினும், வளைவுகளிலே விளையாட்டுக் காருக்குரிய சுறுசுறுப்பைக் காட்டுவது. அதன் உற்பத்தி நின்று ஆண்டுகள் பல கடந்துவிட்டன. எனினும் அதனைப் பேணி வைத்திருப்போர் இன்றும் பலர். அதற்குப் பெரிய சில்லுகளைப் பூட்டிப் பார்க்க விரும்புவோரும் பலர்.

இக்காரின் வகைகள் பலவற்றுக்கு உரிய ரயரின் பக்கத்திலே 205/55 ஆர் 16 என்றும், அதனை அடுத்து 91 வீ என்றும் பொறிக்கப்பட்டிருக்கும். இது ஏதோ மந்திர எழுத்தன்று. ரயரின் அகலம் 205 மில்லிமீற்றர். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 55 பங்கு. ஆர் என்பது உள்ளிழைகள் குறுக்காக, ஆரைகள் போல ஓடுவதைக் குறிக்கும்; மிஷலின் நிறுவனம் 1946இலே பதிவு செய்து, 1949இலே விற்பனைக்கு விட்ட அமைப்பு இதுவே. 16 என்பது சில்லின் விட்டம்; அது மட்டும் அங்குலக் கணக்கு. ஒரே வரியில் மில்லிமீற்றரும், நூற்றுவீதமும், அங்குலமும் கலந்து நிற்பது விசித்திரமே. ஆனால் உலகம் அதற்குப் பழகிவிட்டது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 205இல் நூற்றுக்கு 55 பங்கு 112.75. மேலும் கீழுமாக இரண்டு சுவர்கள், ஆகவே 225.5 மில்லிமீற்றர். பதினாறு அங்குலம் 406.4 மில்லிமீற்றர். இரண்டையும் கூட்டினால் ரயரின் முழு விட்டம் 631.9 மில்லிமீற்றர் ஆகிறது. காரின் வேகமானி, கியர்கள், வழுக்காது நிறுத்தும் பிரேக் ஒழுங்கு ஆகிய யாவும் இந்த விட்டத்தை நம்பியே அமைக்கப்பட்டுள்ளன. ஆகையால், சில்லைப் பெரிதாக்க விரும்புபவர் முழு விட்டத்தைப் பெரிதாக்கலாகாது. சில்லு எவ்வளவு வளர்கிறதோ, அவ்வளவுக்கு ரயரின் சுவர் குறைய வேண்டும்.

பதினேழு அங்குலச் சில்லுக்கு 225/45 என்ற ரயரைத் தெரிந்தால் முழு விட்டம் 634.3, மாறுதல் மிக அற்பம். பதினெட்டு அங்குலத்துக்கு 225/40 எனில் 637.2; இதுவும் நூற்றுக்கு ஒன்றுக்கு உட்பட்டதே. மாறாக, கடையிலே மலிவாகக் கிடைத்தது என்று பதினேழு அங்குலச் சில்லுக்கு 225/55 ரயரை ஒருவர் வாங்கிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அதன் விட்டம் 679.3. பழைய ரயரிலும் நூற்றுக்கு ஏழரை பெரிது. முன்பு சரியாகக் காட்டிய வேகமானி 100 என்று காட்டும்போது, கார் உண்மையில் 107 கிலோமீற்றருக்கு மேலே ஓடிக்கொண்டிருக்கும். வேகமானி சிறிது கூட்டிக் காட்டலாம். மெய்யான வேகத்திலும் குறைத்துக் காட்டவே கூடாது என்பது ஐரோப்பிய விதி. வேகக் கணக்கு ஒருபுறமிருக்க, அத்தகைய ரயர் மட்காட்டிலே உராய்வதற்கும் இடமுண்டு.

விட்டம் பொருந்திவிட்டால் எல்லாம் பொருந்திவிட்டது என்று எண்ணுவோர் பலர். உண்மையான ஆபத்து அதற்கு அப்பால் இருக்கிறது. 91 வீ என்ற சிறு குறியை அவர்கள் வாசிப்பதில்லை. 91 என்பது அந்த ரயர் தாங்கக்கூடிய பாரத்தின் எண். 615 கிலோகிராமைக் குறிப்பது. வீ என்பது மணிக்கு 240 கிலோமீற்றர் வேகம் வரை அது தாங்கும் என்பது. மேலே கூறிய 225/40 பதினெட்டு அங்குல ரயரின் சாதாரண வகையிலே பார எண் 88 மட்டுமே. அதாவது 560 கிலோகிராம். பார்வைக்கு அகலமான ரயர், தாங்கும் வலிமையிலோ ஒவ்வொரு சில்லுக்கும் 55 கிலோகிராம் குறைவு! ரயரிலே பாரத்தைத் தாங்குவது உள்ளே அடைபட்ட காற்று. சுவர் தாழ்ந்தால் காற்றுக்கு உரிய இடமும் சுருங்குகிறது. எனவே அந்த அளவிலே வலுவூட்டப்பட்ட வகையைக் கேட்டு வாங்க வேண்டும். அதன் எண் 92; பாரம் 630 கிலோகிராம். அதற்குரிய கூடிய காற்றழுத்தத்தையும் கொடுத்தல் அவசியம். குடும்பத்தினர் ஐவரும், பின்பெட்டி நிறையப் பொதிகளுமாக, வேக எல்லையற்ற ஜேர்மன் பெருந்தெருவிலே செல்லும் காருக்கு இந்த வித்தியாசம் சிறிய காரியமன்று. பாரம் மிகுந்து வெப்பமேறிய ரயர் ஓட்டத்திலேயே வெடிக்கக்கூடும்.

அடுத்தது சில்லின் இருப்பு. சில்லின் நடுக்கோட்டுக்கும், அது காரின் அச்சுத் தலையிற் பொருந்தும் முகத்துக்கும் இடையேயுள்ள தூரத்தை மில்லிமீற்றரிற் குறிப்பார்கள். இக்காரின் ஏழு அங்குல அகலச் சில்லுக்கு அது 47. எட்டு அங்குல அகலமும் 35 இருப்பும் உடைய சில்லொன்றைப் பூட்டினால், வெளி விளிம்பு ஏறத்தாழ 25 மில்லிமீற்றர் வெளியே தள்ளி நிற்கும். உட்பக்கம் ஒரு மில்லிமீற்றர்கூட நகராது. அகலம் ஓர் அங்குலம் கூடினால் இருபுறமும் அரை அங்குலம் கூடும் என்று எண்ணியவர் இங்கே ஏமாந்து போகிறார்.

இதிலும் வேடிக்கையான பொறியொன்று உண்டு. இதே நிறுவனத்தின் ஐந்தாம் வரிசைக் காரான ஈ-39, மூன்றாம் வரிசைக் காருக்கு மூத்த தமையன் போன்றது. இரண்டு கார்களின் சில்லுகளிலும் ஐந்து துளைகள். அவை அமைந்த வட்டத்தின் விட்டமும் இரண்டிலும் 120 மில்லிமீற்றர். ஆகவே தமையனின் பழைய சில்லைத் தம்பிக்குப் பூட்டலாம் என்று தோன்றும். துளைகளும் இலகுவிற் பொருந்தும். ஆனால் தம்பியின் நடுத்துளை 72.6 மில்லிமீற்றர், தமையனுடையது 74.1. இந்த ஒன்றரை மில்லிமீற்றர் இடைவெளியினால் சில்லு சரியான நடுவில் அமராது. வேகம் ஏறியதும் ஸ்ரியறிங் நடுங்கத் தொடங்கும். ரயரைச் சமநிலைப்படுத்துபவரிடம் எத்தனை முறை சென்றாலும் அந்த நடுக்கம் தீராது. இடைவெளியை நிரப்பும் வளையமொன்றை இடுவதே மருந்து. இனி, தமையனின் எட்டு அங்குலச் சில்லுகளின் இருப்பு 20 மட்டுமே. அதைத் தம்பிக்குப் பூட்டினால் விளிம்பு ஏறக்குறைய 40 மில்லிமீற்றர் வெளியே வந்துவிடும். இதற்கு வளையமும் மருந்தாகாது.

போல்ற்றுகளையும் கவனித்தல் நன்று. இக்காரின் போல்ற்றின் தலைக்குக் கீழ்ப்பகுதி கூம்பு வடிவானது; வொக்ஸ்வாகன் கார்களிற் காணப்படுவதோ உருண்டை வடிவம். ஒன்றை மற்றொன்றின் குழியில் இறுக்கினால், இறுகியது போலக் கைக்குத் தோன்றும். உண்மையிலே ஒரு மெல்லிய கோடு மட்டுமே தொட்டுக்கொண்டிருக்கும்.

எந்த அளவைத் தெரிவது என்ற கேள்விக்கு வருவோம். முன்னே 225/40, பின்னே 255/35 என இரு அகலங்களில் பதினெட்டு அங்குலச் சில்லுகளை இக்காருக்கு நிறுவனமே வழங்கியதுண்டு. அவற்றின் விட்டங்கள் 637.2, 635.7, இரண்டும் நெருங்கியவை. தோற்றம் கம்பீரமானது என்பதில் ஐயமில்லை. ஆனால் முன் ரயரைப் பின்னுக்கு மாற்றித் தேய்மானத்தைச் சமப்படுத்த இயலாது. சுவரின் உயரமும் 90 மில்லிமீற்றருக்குக் குறைந்துவிட, குழியில் விழும் ஒவ்வோர் அடியும் நேரே சில்லின் விளிம்புக்கும், ஏறியிருப்பவர் முதுகுக்கும் போகிறது. நான்கு சில்லுகளையும் இயக்கும் வகையைச் சேர்ந்த காருக்கோ, நான்கும் ஒரே அளவாயிருப்பதே பாதுகாப்பு. அன்றாடப் பிரயாணத்துக்குப் பதினேழு அங்குலமும் 225/45 ரயருமே நடுநிலையான தெரிவு. ஸ்ரியறிங்கிலே கூர்மையும் கிடைக்கும்; 101 மில்லிமீற்றர்ச் சுவர் வீதியின் கரடுமுரட்டையும் ஓரளவு விழுங்கும். சில்லின் அகலம் ஏழு முதல் எட்டரை அங்குலத்துக்குள் இருந்தால் அந்த ரயருக்குப் போதும்.

பழைய ரயரை மலிவாக வாங்குபவர், அதன் பக்கத்திலே நீள்வட்டத்துள் இருக்கும் நான்கு இலக்கங்களையும் பார்க்க வேண்டும். 2319 என்றிருந்தால், அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்திலே செய்யப்பட்டது. பட்டி தேயாதிருந்தாலும் றப்பர் முதுமை அடையும்.

ஜேர்மனியிலே இவை யாவும் உரிமையாளரின் மனப்போக்குக்கு விடப்படவில்லை. காரின் பத்திரங்களில் இல்லாத சில்லைப் பூட்டுபவர், அதற்குரிய அங்கீகாரச் சான்றிதழை வைத்திருத்தல் வேண்டும்; தேவைப்படின் ரி.யூ.வி. போன்ற பரிசோதனை நிலையத்துக்குக் காரைக் கொண்டு செல்லுதலும் வேண்டும். தவறினால் வீதியில் ஓடும் அனுமதியே அற்றுப்போகக்கூடும். பரிசோதகர் எண்களை ஒப்பிட்டுப் பார்ப்பதோடு நின்றுவிடுவதில்லை. முன்னே ஒரு பக்கச் சில்லையும், பின்னே மறுபக்கச் சில்லையும் மேடைகளில் ஏற்றிக் காரை முறுக்கி நிறுத்துகிறார். ஸ்ரியறிங்கை இரு திசையிலும் முடிவுவரை திருப்புகிறார். பின்னர் குனிந்து, மட்காட்டின் உள் விளிம்புக்கும் ரயருக்கும் இடையே கையை நுழைத்துப் பார்க்கிறார். கை தாராளமாக நுழைந்தால் பத்திரத்தில் முத்திரை விழும். நுழையாவிட்டால், அழகான சில்லுகள் நான்கும் மீண்டும் பெட்டிக்குள் போகும்.