போன்ல மிரட்டினா பயப்படாதீங்க, சட்டம் நம்ம பக்கம்தான் இருக்கு!

(திருப்போரூரில் நடந்த விழிப்புணர்வுக் கூட்டத்தில் தகவல் தொழில்நுட்ப அணி சார்பில் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாதவங்க படிச்சுட்டு, வீட்டுப் பெரியவங்களுக்கும் வாசிச்சுக் காட்டுங்க.)



இன்னிக்கு அரசியல் பேச வரல. உங்க கையில இருக்கிற போனைப் பத்திப் பேச வந்திருக்கேன். நமக்கு வர்ற வேண்டாத கால்களை மூணா பிரிக்கலாம். விளம்பரக் கால், ஏமாத்துற கால், கடன் வசூல் கால். மூணுக்கும் மருந்து வேற வேற. எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறதாலதான் நாம மாட்டிக்கிறோம்.

முதல்ல விளம்பரம். மனை வேணுமா, கிரெடிட் கார்டு வேணுமான்னு கேக்கிறவங்க. இது தொல்லைதான், ஆனா பெரிய ஆபத்து இல்ல. 1909க்கு போன் பண்ணி உங்க எண்ணை டி.என்.டி.யில் பதிவு பண்ணுங்க. அதுக்கப்புறமும் கால் வந்தா, ஏழு நாளைக்குள்ள அதே 1909ல புகார் கொடுக்கலாம். 140ன்னு ஆரம்பிக்கிற எண் வந்தாலே அது விளம்பரம்னு தெரிஞ்சுக்கோங்க. இதுக்கு மேல இதுக்கு நேரம் செலவழிக்க வேண்டாம்.

ரெண்டாவது, ஏமாத்துற கால். இங்கதான் சேமிப்பே போகுது. 2024ல மட்டும் நாடு முழுக்க சைபர் மோசடியில் மக்கள் இழந்தது 22,845 கோடி ரூபாய்னு மத்திய அரசே நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கு. அதுக்கு முந்தின வருஷம் 7,465 கோடி. ஒரே வருஷத்துல மூணு மடங்கு!

"படிக்காதவங்கதான் ஏமாறுவாங்க"ன்னு நினைக்காதீங்க. 2024ல லூதியானாவில் வர்த்மான் ஜவுளிக் குழுமத் தலைவர் எஸ்.பி.ஓஸ்வாலுக்கு சி.பி.ஐ. அதிகாரின்னு சொல்லி கால் வந்தது. பணமோசடி வழக்குல உங்க பேரு இருக்குன்னாங்க. வீடியோ காலை கட் பண்ணக்கூடாதுன்னாங்க. போலியா ஒரு உச்ச நீதிமன்ற விசாரணையே நடத்திக் காட்டினாங்க. 7 கோடி ரூபாயை அனுப்பிட்டார். அவ்வளவு பெரிய தொழிலதிபரையே பயம் என்ன பண்ணுச்சு பாருங்க. ஆனா புகார் கொடுத்ததால 5 கோடிக்கு மேல மீட்டாங்க. இதையும் மறந்துடாதீங்க.

டிஜிட்டல் அரெஸ்ட்னு இந்தியச் சட்டத்துல எதுவுமே கிடையாது. எந்தப் போலீஸும், எந்த நீதிபதியும் வாட்ஸ்அப் வீடியோவில் யாரையும் கைது பண்ண மாட்டாங்க. உங்க பணம் நல்ல பணமான்னு சோதிக்க வேற அக்கவுண்ட்டுக்கு அனுப்பச் சொல்ல மாட்டாங்க. "யார்கிட்டயும் சொல்லாதீங்க"ன்னு ஒருத்தன் சொன்னான்னா, அந்த நிமிஷமே பக்கத்து வீட்டுக்காரங்களைக் கூப்பிடுங்க. நாம தனியா இருக்கிறதுதான் அவனோட மூலதனம்.

பணம் போயிடுச்சா? அழுதுட்டு உக்காராதீங்க. உடனே 1930. நீங்க அனுப்பின பணம் ஒரு வாடகை அக்கவுண்ட்டுக்குப் போகும். அங்கிருந்து பத்து அக்கவுண்ட்டாப் பிரியும். அப்புறம் ஏ.டி.எம்.ல பணமா எடுப்பாங்க, இல்லன்னா கிரிப்டோவா மாத்துவாங்க. பணம் வங்கிக்குள்ள இருக்கும்போதே 1930க்குச் சொன்னா, அதை அப்படியே முடக்க முடியும். மறுநாள் காலையில் பார்த்துக்கலாம்னு விட்டா, முடக்க அங்க ஒண்ணும் மிச்சம் இருக்காது.

காலேஜ் படிக்கிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. "உன் அக்கவுண்ட்டையும் ஏ.டி.எம். கார்டையும் குடு, கமிஷன் தர்றேன்"னு யாராவது கேட்டா ஓடி வந்துடுங்க. நான் சொன்ன வாடகை அக்கவுண்ட் அதுதான். போலீஸ் முதல்ல தேடி வர்றது அக்கவுண்ட் யார் பேர்ல இருக்கோ அவங்க வீட்டுக்கு. சிம் கார்டும் அப்படித்தான். உங்க பேர்ல எத்தனை சிம் இருக்குன்னு சஞ்சார் சாத்தி தளத்துல இலவசமாப் பார்க்கலாம். இன்னிக்கே பாருங்க.

என்னை மாதிரி இன்ஜினியரிங் முடிச்சுட்டு வேலை தேடுறவங்களுக்கு இன்னொண்ணு. தாய்லாந்தில் ஐ.டி. வேலைன்னு நம்பிப் போன நம்ம தமிழ்ப் பசங்களை மியான்மர் எல்லையில் மியாவாடிக்குக் கடத்திட்டுப் போய், அடிச்சு, இந்த மோசடி வேலையைச் செய்ய வெச்சாங்க. 2022 அக்டோபரில் 13 பேர் மீட்கப்பட்டு சென்னை வந்து இறங்கினாங்க. போன்ல அந்தப் பக்கம் பேசுறவனும் சில நேரம் மாட்டிக்கிட்டவன்தான். டூரிஸ்ட் விசாவில் வெளிநாட்டு வேலைக்குப் போகாதீங்க. ஏஜென்ட் அரசாங்கத்துல பதிவு பண்ணவரான்னு பார்த்துட்டுப் போங்க.

மூணாவது, கடன் வசூல். அக்காக்கள் கொஞ்சம் கவனமாக் கேளுங்க.

வாங்கின கடனைக் கட்ட வேண்டாம்னு நான் சொல்லல. கட்டணும். ஆனா தவணை தவறினது கிரிமினல் குற்றம் இல்ல. செக் பவுன்ஸ் ஆனா அது தனி வழக்கு. மத்தபடி "போலீஸைக் கூட்டிட்டு வர்றேன்"ங்கிறது வெறும் மிரட்டல். ரிசர்வ் வங்கி 2022லேயே விதி போட்டிருக்கு:

✅ மைக்ரோ ஃபைனான்ஸ் கடனுக்கு காலை 9 மணிக்கு முன்னாடியும், மாலை 6 மணிக்குப் பின்னாடியும் கூப்பிடக் கூடாது. மத்த கடனுக்கு காலை 8 முதல் மாலை 7 வரைதான்.
✅ மைக்ரோ ஃபைனான்ஸ் கடனுக்கு ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ண பொது இடத்துலதான் வசூல். தொடர்ந்து ரெண்டு தடவை அங்க வராம இருந்தாத்தான் வீட்டுக்கு வரலாம்.
✅ கெட்ட வார்த்தை, அவமானப்படுத்துறது, சொந்தக்காரங்களைத் தொந்தரவு பண்றது கூடவே கூடாது.
✅ கடன் ஆப் உங்க கான்டாக்ட் லிஸ்ட்டையும் போட்டோவையும் எடுக்கக் கூடாது.

நம்ம மாநிலத்துலயும் 2025ல கட்டாயக் கடன் வசூலைத் தடுக்கத் தனிச் சட்டம் வந்திருக்கு. மிரட்டி வசூல் பண்ணா மூணு வருஷம் வரை ஜெயில், 5 லட்சம் வரை அபராதம்.

மீறினா என்ன செய்யணும்? கால் வந்த தேதி, நேரம், எண், பேசினவர் பேர் எல்லாம் ஒரு நோட்டுல எழுதுங்க. முடிஞ்சா ரெக்கார்ட் பண்ணுங்க. முதல்ல அந்த நிறுவனத்துக்கு எழுத்துல புகார். 30 நாள்ல சரியான பதில் இல்லன்னா ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர், எண் 14448. மிரட்டல் இருந்தா காத்திருக்க வேண்டாம், நேரா காவல் நிலையம்.

பதிவே இல்லாத கடன் ஆப் இன்னும் மோசம். 5,000னு சொல்லி 3,500 கையில தருவான், ஏழே நாள்ல முழுசாக் கேப்பான், தரலன்னா போட்டோவை ஆபாசமா மாத்தி அனுப்புவான். 2021 ஜனவரியில் சென்னை மத்திய குற்றப்பிரிவு போலீஸ் விசாரிச்சுட்டுப் போனப்ப, பெங்களூரில் நூறு பேருக்கு மேல வேலை செஞ்ச கால் சென்டர் சிக்கியது. சீனர்கள் ரெண்டு பேர் உட்பட நாலு பேர் கைது. அதுக்கெல்லாம் ஆரம்பம் ஒரு புகார்தான். மாத்தின போட்டோவுக்காக வெக்கப்பட வேண்டியது நாம இல்ல, அதைச் செஞ்சவன்.

கடைசியா ஒண்ணு. கடன் போனால உசுரை விட்டவங்க இருக்காங்க. எந்தக் கடனும் உங்க உசுருக்கு ஈடு இல்ல. மனசு தாங்கலன்னா 104 அல்லது 14416க்குக் கூப்பிடுங்க, ராத்திரியும் எடுப்பாங்க. வீட்டுல சொல்லுங்க. நம்ம அணித் தம்பிகள்கிட்ட சொல்லுங்க, எந்தக் கட்சியா இருந்தாலும் பரவாயில்ல, புகார் எழுதித் தர்றது எங்க வேலை.

1930, 1909, 14448. இந்த மூணு எண்ணையும் இன்னிக்கு ராத்திரி சமையல்கட்டு சுவத்துல எழுதி ஒட்டுங்க.



#திருப்போரூர் #சைபர்விழிப்புணர்வு #பயப்படாதீங்க1930