பொருளாதாரம் படிப்போரும் கணக்கும்

(ஒரு கல்லூரிப் பொருளாதார மாணவர் சங்கத்தில் செய்த சொற்பொழிவு)



"நாங்கள் பொருளாதாரம் படிக்க வந்தோமேயொழியக் கணக்குப் போட வரவில்லை; எங்களுக்குக் கணக்கு வராது" என்று உங்களில் சிலர் சொல்லுவதாகத் தலைவரவர்கள் சொன்னார். ஆதலால் அதைப்பற்றி மாத்திரம் இரண்டொரு வார்த்தை சொல்லுகிறேன்.

கணக்கு வராது என்பதற்கும் தலையெழுத்து என்பதற்கும் என்ன வித்தியாசம்? பிறர் போட்டு வைத்த கணக்கைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, பரீட்சையில் விழித்தால் அது தலையின் குற்றமா, பழகாத கையின் குற்றமா?

என் சங்கதியையே சொல்லுகிறேன். என் தாயார் சந்தையில் காய்கறி விற்றவர். தண்டல்காரரிடம் கடன் வாங்குவார். 10,000 ரூபாய் என்று பெயர். கையில் கொடுப்பது 9,000. தினம் 100 வீதம் 100 நாள் கட்டவேண்டும். "நூற்றுக்குப் பத்துதானே" என்பார். நானோ, வட்டியைப்பற்றிக் கெயின்ஸ் 1936இல் எழுதியதை நான்கு பக்கம் எழுதி மார்க்கு வாங்கியவன். நானும் "ஆமாம், பத்துதான்" என்றேன்!

ஒரு நாள் காகிதத்தை எடுத்தேன். முதல் நாள் அவர் கையிலுள்ள கடன் 9,000. கடைசி நாள் ஒன்றுமில்லை. ஆகவே 100 நாளும் சராசரியாக அவரிடம் இருந்தது 4,500தான். அதற்கு 1,000 வட்டி என்றால் நூற்றுக்கு 22. அதுவும் 100 நாளைக்கு! வருஷத்துக்கு ஏறக்குறைய 80. நாள்தோறும் வட்டி சேர்த்து நுணுக்கமாய்ப் போட்டாலும் 77க்குக் குறையவில்லை. வருஷம் மூன்று தரமாக ஏழு வருஷம் வாங்கினார். 21,000 ரூபாய் போயிற்று. 2003இல் தமிழ்நாட்டில் வந்த கந்துவட்டித் தடைச் சட்டம் தண்டலையும் பெயர் சொல்லித் தடுக்கிறது. சட்டம் இருந்தும், வீட்டில் ஒரு பொருளாதார மாணவன் இருந்தும், தாயார் கட்டிக்கொண்டேயிருந்தார்.

பத்திரிகையில் "பணவீக்கம் பாதியாகக் குறைந்தது" என்று போட்டால், விலை குறைந்ததாக உங்களிலேயே பலர் நினைப்பீர்கள். 100 ரூபாய்ச் சரக்கு முதல் வருஷம் நூற்றுக்கு 8, மறுவருஷம் 4 ஏறினால் 112 ரூபாய் 32 காசு. குறைந்தது ஏறும் வேகமேயல்லாமல் விலையல்ல.

ஆகையால் தோழர்களே, உங்கள் வீட்டிலும் நகைக்கடன் சீட்டோ, தவணைக்கு வாங்கிய வண்டியின் சீட்டோ இருக்கும். இன்றிரவே அதை எடுங்கள். வருஷ வட்டி இவ்வளவு இருக்கும் என்று முதலில் வாயால் உத்தேசம் சொல்லுங்கள். பிறகு காகிதத்தில் போடுங்கள். கைப்பேசியைக் கடைசியாகத் தொடலாம். உத்தேசமும் விடையும் வெகுதூரம் விலகினால், அடித்து எறிந்துவிடாமல், எந்த வரியில் பிசகினோம் என்று தேடுங்கள். எனக்கு அந்தச் "சராசரி" என்ற ஒரு வரி பிடிபட மூன்று நாளாயிற்று, அதில் வெட்கமில்லை.

அடுத்த கூட்டத்திற்கு அந்தக் காகிதங்களைக் கொண்டுவாருங்கள். நானும் வருகிறேன், சேர்ந்து பார்ப்போம்.