கார்த்திகைக் கிழங்கும் கீல்வாதமும்

மாரி மழை விழத் தொடங்கியதும் யாழ்ப்பாணத்து வேலிகளிலும் வன்னிக் காட்டோரங்களிலும் தீச்சுடர்போல் மலர்வது கார்த்திகைப் பூ. சங்கப் புலவர் இதனைக் காந்தள் என்றனர். குறிஞ்சிப்பாட்டில் வரும் மலர்களின் நீண்ட வரிசை இப்பூவிலேயே தொடங்குகின்றது. வைத்தியத்திலும் இக்கொடிக்கு ஓரிடம் உண்டு. கலப்பைபோல் வளைந்த அதன் கிழங்கைக் கலப்பைக் கிழங்கு என்பர் சித்த வைத்தியர். அக்கிழங்கில் உள்ள கொல்சிசின் என்னும் பொருளே இங்கு ஆராய்தற்குரியது.

கீல்வாதம் எனப் பொதுவாகச் சொல்லப்படும் நோய்களுள் ‘கவுட்’ என்பது தனி வகை. மூட்டின் நோயாகத் தோன்றினும், உண்மையில் அது உடலின் அனுசேபத்தில் நேரும் கோளாறே. பியூரின் என்னும் பொருள்கள் சிதையும்போது உண்டாகும் யூரிக்கமிலத்தைச் சிறுநீரகம் போதிய அளவு வெளியேற்றாவிடின், அது இரத்தத்தில் மிகும். 100 மில்லிலீற்றரில் ஏறத்தாழ 6.8 மில்லிகிராமைக் கடந்தால், ஊசி போன்ற பளிங்குகளாய் மூட்டுகளிற் படியக்கூடும். குருதியின் வெண்கலங்கள் அப்பளிங்குகளை விழுங்க முற்பட, அழற்சி மூள்கின்றது. பெரும்பாலும் காற்பெருவிரலின் அடிமூட்டில், நள்ளிரவில் நோவு தொடங்கும். போர்வையின் பாரமும் பொறுக்க முடியாத நோவு அது.

இதற்கு மருந்தாக ஐரோப்பாவில் வழங்கியது கொல்சிக்கம் என்னும் செடி. ஆறாம் நூற்றாண்டிலேயே திரல்லஸ் நகரத்து அலெக்சாந்தர் என்ற வைத்தியர் அவ்வினச் செடியொன்றின் கிழங்கை இந்நோய்க்குக் கொடுத்தார். 1820இல் பெல்லத்தியே, கவந்து என்னும் பிரெஞ்சு இரசாயனவியலார் கொல்சிக்கத்தின் சத்தைப் பிரித்தெடுத்தனர். அதே சத்து கார்த்திகைக் கிழங்கிலும் உண்டென்பது 1915இல் வெளியாயிற்று. இரண்டும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இன்று தமிழ்நாட்டில் உழவர் இக்கொடியைப் பந்தலிட்டு வளர்ப்பது, கொல்சிசின் மிகுந்த அதன் விதைக்காகவே.

வெண்கலங்களினுள்ளே நுண்குழாய்கள் அமைவதைத் தடுத்து, அவற்றின் நடமாட்டத்தைக் கொல்சிசின் முடக்குகின்றது. அதனால் அழற்சி தணிகின்றது. ஆனால் யூரிக்கமிலத்தை அது குறைப்பதில்லை. அதற்கு 1966 முதல் வழங்கிவரும் அலோபியூரினோல் போன்ற வேறு மருந்துகள் வேண்டும்.

கொல்சிசினில் மருந்தளவுக்கும் நச்சளவுக்கும் இடைவெளி மிகச் சிறிது. ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்கும் 1.8 மில்லிகிராம், ஆறு மணி நேரத்திற் கொடுக்கும் 4.8 மில்லிகிராம் அளவுக்கே பயன் தருகின்றது என்றும், தொல்லை மிகக் குறைவு என்றும் 2010இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. மாத்திரையை இவ்வாறு அளந்து கொடுக்கலாம். கிழங்கை எப்படி அளப்பது? கொடிக்குக் கொடி, பருவத்துக்குப் பருவம் அதன் வீரியம் மாறும். உப்பிட்ட மோரில் ஊறவைத்துச் சுத்தி செய்யும் முறை சித்த வைத்தியத்தில் உண்டென்பது மெய்யே. அதைக் கேள்வியுற்று வீட்டிற் செய்து பார்ப்பது உயிருடன் விளையாடுவதாகும். சிறுநீரகம் பழுதுற்றோருக்கு வைத்தியர் தரும் மாத்திரையே அளவு மிஞ்சிவிடக்கூடும்.

இலங்கையில் வற்றாளங்கிழங்கென மயங்கி இதனை அவித்துண்டு மாண்டவர்களும் உளர். உண்ட சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் காணும். பின்னர் சற்றே தெளிவு பிறந்தாற்போலத் தோன்றினும், என்பு மச்சையும் சிறுநீரகமும் கெடுவது அதற்குப் பின்னரே. ஆகையால் வாந்தி நின்றதென்று வீட்டில் தங்காது, உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். உண்ட கிழங்கின் மீதியையும் கொடியின் இலையையும் உடன் கொண்டு செல்வது நலம். இலை நுனி பற்றுக்கம்பிபோற் சுருண்டிருப்பின் அது கார்த்திகைக் கொடியே. வற்றாளை இலையில் அச்சுருள் இல்லை.