நோயாளியின் அருகில் இருப்பவர்



வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும், "எப்படி இருக்கிறார்? கஞ்சி குடிக்கிறாரா?" என்று நாம் அனைவரும் அவரைப் பற்றியே விசாரிக்கிறோம். அது நல்ல பண்புதான். ஆனால், இரவெல்லாம் கண்விழித்து அவரைப் பார்த்துக்கொண்டு, விடியற்காலையில் பெரட்டுக்கும் ஓடுகிற மனைவியையோ மகளையோ, "நீ எப்படியம்மா இருக்கிறாய்?" என்று கேட்பவர் மிகச் சிலரே.

அந்தத் தாயின் நிலையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். பிள்ளைகள் முன்னால் அழக் கூடாது. வலி தாங்காமல் நோயாளி சினந்து பேசினால் பொறுத்துக்கொள்ள வேண்டும். மாதக்கணக்கில் இப்படியே போனால் தூக்கம் கெடுகிறது, பசி போகிறது, காரணமின்றி நெஞ்சு படபடக்கிறது. 'இது என்றுதான் முடியுமோ' என்ற எண்ணம் வருகிறது. அப்படி எண்ணியதற்காகத் தம்மையே வெறுத்துக்கொள்கிறார். ஆண்களில் சிலரோ துயரத்தைச் சம்சுவில் மறைக்கப் பார்க்கிறார்கள்.

இது பாவமும் அன்று, பைத்தியமும் அன்று. காண்டாவில் பால் வாளி சுமந்த நம் பெரியவர்களைக் கேளுங்கள். எவ்வளவு வலிய தோளானாலும், வழியில் இறக்கி வைத்துத் தோள் மாற்றித்தான் ஆக வேண்டும். மனமும் அப்படித்தான்.

பிறகு ஏன் வாய் திறந்து சொல்ல அஞ்சுகிறோம்? ஈப்போவுக்கு அருகே தஞ்சோங் ரம்புத்தானில் 1911-ஆம் ஆண்டு மனநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. நாளடைவில் அந்த ஊர்ப்பெயரே கேலிச்சொல்லாகிவிட்டது. "உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்குத்தான் அனுப்ப வேண்டும்" என்று நாம் விளையாட்டாகச் சொல்கிறோம். அதைக் கேட்டே வளர்ந்தவர், தமக்கு மனச்சோர்வு வந்தால் வெளியில் சொல்வாரா? அந்த மருத்துவமனையின் இன்றைய பெயர் உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை. பஹாகியா என்றால் மகிழ்ச்சி. மருத்துவரைப் பார்த்து, மருந்து வாங்கிக்கொண்டு அன்றே வீடு திரும்புவோரும் அங்கே உண்டு. அந்தக் கேலியை இன்றோடு விட்டுவிடுவோம்.

மனச்சோர்வுக்கு முதலில் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார கிளினிக்கிலேயே உதவி கேட்கலாம். சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணை அழைத்தும் பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால், ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

1967-இல் லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். நோயாளியின் வலியைத் தணிப்பதோடு குடும்பத்தாரின் மனத்தையும் கவனிப்பதே அங்கே வைத்தியமாயிற்று. அந்த வழியில் நடக்கும் நோய்த்தணிப்புச் சேவை இன்று நம் நாட்டிலும் உண்டு. மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

அண்டை வீட்டாருக்கும் பங்கு உண்டு. ஒரு பிற்பகல் நோயாளியின் அருகில் நாம் உட்கார்ந்தால், அந்தத் தாய் இரண்டு மணி நேரம் கண்ணயர்வார். அண்ணன் தம்பிகள் இரவுகளைப் பங்கிட்டுக்கொள்ளலாம். மருத்துவமனை செல்லும் நாளில் பிள்ளைகளுக்கு நம் வீட்டில் சோறு போடலாம்.

பார்த்துக்கொள்பவர் படுத்துவிட்டால் நோயாளிக்கு யார் துணை? இன்று மாலையே அந்த வீட்டுக்குப் போய், அவரையும் நலம் விசாரிப்போம்.