இசைச் செல்வியார் விட்டுச் சென்ற பொருள்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில், காணிப்பாக்கத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

வரசித்தி விநாயகர் எழுந்தருளியுள்ள இத்திருத்தலத்தில் ஒலிபெருக்கியின் முன் நிற்பது சற்றே அச்சம் தருவதாகும். இவ்வட்டாரத்தில் வழக்கு எதுவாயினும், “காணிப்பாக்கத்திற்கு வந்து சத்தியம் செய்” என்று சொன்ன மாத்திரத்தில் பொய்யன் பின்வாங்கிவிடுவான் என்பதை நாம் அறிவோம். வெட்டுண்ட கையும் மீண்டும் வளர்ந்த கதையைத் தன் பெயரிலேயே தாங்கிய பாகுதா நதியின் கரையில் மிகைபடப் பேசுவது தகாது. காணி என்பதும் தமிழ். பாக்கம் என்பதும் தமிழ். ஊரின் பெயர் தமிழாய் இருக்க, வீதியின் பேச்சு தெலுங்காய் இருக்கிறது. இவ்விரண்டின் நடுவே வாழும் குடும்பங்கள் நாம். ஆதலின் இன்று எம் பேச்சுக்கு இவ்விரு மொழிகளுக்கும் உறவுடைய ஓர் அம்மையாரைத் தேர்ந்துகொண்டோம். அவர் பெங்களூர் நாகரத்தினம்மாள்.

அவரைப் பற்றிச் சொல்லுமுன், கடல் கடந்த நாட்டுப் பாடகி ஒருவரைப் பற்றிச் சில சொற்கள். அவர் பெயர் அடெலினா பாட்டி. பெயரைக் கேட்டுக் குழந்தைகள் சிரிக்க வேண்டா; பாட்டி என்பது அவர் தந்தையாரின் இத்தாலியக் குடும்பப் பெயர். 1843இல் ஸ்பெயின் நாட்டு மாட்ரிட் நகரில் பிறந்து, அமெரிக்காவில் வளர்ந்து, 1859இல், தமது பதினாறாம் வயதில், நியூயார்க் இசைநாடக மேடையில் ஏறினார். இசைநாடகம் என்பது உரையாடலும் பாட்டாகவே அமைந்த ஐரோப்பிய நாடகம். அதில் பெண்குரலின் உச்சத் தாயியில் பாடுவோரைச் சொப்ரானோ என்பர். பாட்டியம்மை அத்துறையில் முடிசூடா அரசியாய் நாடு நாடாகச் சுற்றினார். அமெரிக்கச் சுற்றுப் பயணங்களில் ஓரிரவுக்கு 5,000 டாலர் பெற்றார். அதனையும் பாடுமுன்னரே கையில் வைக்கச் சொல்லுவார். பியானோ வைத்த தனி ரயில் பெட்டி ஒன்று அவருக்கென்றே ஓடிற்று. வேல்ஸ் நாட்டில் கிரெய்க்-இ-நோஸ் என்னுமிடத்தில் மாளிகை வாங்கி, அதனுள் ஒரு நாடக அரங்கமும் கட்டினார். அருகிலிருந்த சிறு ரயில் நிலையத்தில் அவருக்கெனத் தனித் தங்கும் அறை இருந்தது. இருப்புப்பாதையில் பேரேடு எழுதிப் பிழைக்கும் எமக்கு, இச்செய்தியைப் படித்தபோது பொறாமை உண்டாகவில்லை என்றால், இத்தலத்தில் அது பொய்யாகும்.

1919இல் பாட்டியம்மை மறைந்தார். மாளிகை பின்னர் மருத்துவமனையாயிற்று. அரங்கம் இன்றும் நிற்கிறது. முதுமையில் அவர் பாடிய சில இசைத்தட்டுகளும் எஞ்சியுள்ளன. ஓரிரவுக்கு ஐயாயிரம் பெற்றவரின் குரலில் நமக்குக் கிடைப்பது அறுபது வயதைக் கடந்த குரலே. இளமைக் குரலைப் பிடித்து வைக்க அன்று கருவி இல்லை.

நம் தமிழ்நாட்டிலும் ஒரு ரயில் கதை உண்டு. கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் என்பார், முழுவதும் பெண்களே நடிக்கும் நாடகக் கம்பெனி ஒன்றைச் சென்ற நூற்றாண்டின் தொடக்கக் காலத்தில் நடத்தினார். அவர் நாடகத்தைக் காண வரும் கூட்டத்திற்காகவே தனி வண்டிகள் விடப்பட்டன என்றும், அவற்றை மக்கள் ‘பாலாமணி ஸ்பெஷல்’ என்றே வழங்கினர் என்றும் நாடக முதியோர் எழுதி வைத்துள்ளனர். அத்தகைய பாலாமணி முதுமையில் வறுமையுற்று மதுரையில் மறைந்தார் என்பர். மாளிகையும் நகையும் பட்டும் போன இடம் தெரியவில்லை. ஒரு வண்டியின் பெயர் மட்டும் கிழவர்களின் நாவில் சில காலம் ஓடிற்று.

ஒருவர் அரங்கத்தை விட்டுச் சென்றார். ஒருவர் பெயரை விட்டுச் சென்றார். நாகரத்தினம்மாள் என்ன விட்டுச் சென்றார் என்பதைக் காண்போம்.

1878ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 3ஆம் நாள், மைசூர்ச் சீமையின் நஞ்சன்கூட்டில் அவர் பிறந்தார். தாயார் புட்டலட்சுமி, தேவதாசி குலத்தவர். ஆதரித்தவர் கைவிட்டதால், தாயார் குழந்தையுடன் தனியே நின்றார். பெண் படித்துப் புகழ் பெறவேண்டும் என்பதொன்றே அவர் வைராக்கியம். வடமொழி, கன்னடம், தெலுங்கு ஆகியவற்றில் மகளைத் தேர்ச்சி பெறச் செய்தார். பெங்களூரில் முனுசாமப்பா என்னும் இசைவாணரிடம் அம்மையார் பயின்றார். அவர் நம் அண்டையிலுள்ள வாலாஜாப்பேட்டையின் தியாகராச சீடர் மரபில் வந்தவர். சித்தூரிலிருந்து நெடுந்தொலைவில் இல்லாத வாலாஜாவின் இசை, பெங்களூர் வழியாகச் சென்று, பின்பு திருவையாற்றைச் சேர்ந்தது என்பது நாம் மகிழத்தக்க செய்தி.

பதினான்கு வயதளவில் தாயை இழந்தார். அதன் பின்னர்ச் சென்னைக்கு வந்து ஜார்ஜ் டவுனில் குடியேறினார். அந்நாளில் அச்சேரி சங்கீதத்தின் நடுவிடம். அங்கே பாடிப் பெயர் பெற்று, வீடு வாங்கி, இசைத்தட்டுகளிலும் பாடினார். சென்னையில் வருமான வரி செலுத்திய முதற் பெண் கலைஞர் அவரே என்றும் கூறுவர்.

அவர் விட்டுச் சென்ற பொருள்களுள் எம் உள்ளத்தை முதலில் கவர்ந்தது அவருடைய கச்சேரிக் கணக்கு. 1905 முதல் 1934 வரை 146 ஊர்களில் 1,235 கச்சேரிகள் செய்ததாக அவர் குறிப்பு வைத்திருந்தார். ஆண்டொன்றுக்கு நாற்பதுக்கு மேல் ஆகிறது. இக்காலத்தில் மோட்டாரில் ஏறி மறுநாள் வீடு திரும்புகிறோம். அந்நாளில் தம்புராவை உறையிட்டு, பக்க வாத்தியக்காரரைக் கூட்டிக்கொண்டு, நள்ளிரவில் ஜங்ஷனில் இறங்கி, அடுத்த வண்டிக்குக் காத்திருந்து, பொழுது விடிந்தபின் மாட்டு வண்டியில் ஊருக்குள் செல்லுதல் வேண்டும். அன்று மாலையே பாடவும் வேண்டும். பெண்ணொருத்தி இவ்வளவையும் முப்பது ஆண்டு செய்து, கணக்கும் எழுதி வைத்தார். கலைஞர்களுக்குக் கணக்கு வாராது என்று சொல்லுவோர் இதனை நினைவிற் கொள்க.

இரண்டாவது பொருள் ஒரு நூல். தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அவையில், பதினெட்டாம் நூற்றாண்டில், முத்துப்பழனி என்னும் அம்மையார் ‘ராதிகா சாந்த்வனம்’ என்ற தெலுங்குக் காவியம் இயற்றினார். பழைய பதிப்பு ஒன்றில் பல பாடல்கள் நீக்கப்பட்டிருந்ததையும், ஆசிரியர் வரலாறு மறைக்கப்பட்டிருந்ததையும் நாகரத்தினம்மாள் கண்டார். சுவடியைத் தேடிப் பெற்று, 1910இல் முழுமையாகப் பதிப்பித்தார். சிருங்காரம் மிக்கது, பெண் எழுதத் தகாதது என்று பெரியவர்கள் சினந்தனர். அரசும் தடை விதித்தது. ஆண் புலவர் பாடியபோது இலக்கியமாய் இருந்தது, பெண் பாடியவுடன் குற்றமாவது எங்ஙனம் என்பதே அம்மையாரின் வினா. அத்தடை 1947இல்தான் நீங்கிற்று. தஞ்சைத் தமிழ் மண்ணில் தெலுங்கில் பாடிய ஒருத்தியை, கன்னட நாட்டில் பிறந்த மற்றொருத்தி மீட்டார். மொழி எல்லை குறித்து நாள்தோறும் வழக்காடும் நமக்கு இதில் பாடம் இருக்கிறது.

மூன்றாவது பொருள் கல்லால் ஆனது. தியாகராச சுவாமிகள் 1847இல் திருவையாற்றில் சித்தியடைந்தார். காவிரிக் கரையில் அவர் சமாதி பல காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. சீடர் மரபினர் இடையே அதனைச் செப்பனிட்டும், அது நிலைக்கவில்லை. அதன் நிலைமையைக் குறித்து, அம்மையாரின் குரு பிடாரம் கிருஷ்ணப்பா 1921இல் கடிதம் எழுதினார். அம்மையாருக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது. மக்கட்பேறு இல்லை. தேடிய பொருள் இருந்தது. நிலத்தை வாங்கினார், நகைகளையும் சேமிப்பையும் செலவிட்டார், அவ்வாண்டே அடிக்கல் நாட்டப்பெற்றது. சில ஆண்டுகளில், தியாகராசர் திருவுருவம் அமைந்த சிறு கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது.

அன்பர்களே, இனிச் சொல்லுவதைக் கூர்ந்து கேட்க வேண்டுகிறோம். கோயில் எழுந்தது, ஆண்டுதோறும் ஆராதனையும் நடந்தது. பெரிய கட்சி என்றும் சின்ன கட்சி என்றும் வித்துவான்கள் பிரிந்து தனித்தனியே விழா எடுத்தனர். கட்சி இரண்டாயினும் ஒன்றில் இருவரும் ஒத்திருந்தனர்: சந்நிதியில் பெண்கள் பாடலாகாது. நகையை விற்றுக் கட்டியவளுக்குத் தான் கட்டிய இடத்தில் பாட உரிமை இல்லை!

அம்மையார் அழுது புலம்பவில்லை. 1927இல், சமாதியின் பின்புறத்தில் பெண்களைத் திரட்டித் தனி ஆராதனை தொடங்கினார். முன்புறம் ஆண்கள் பாட, பின்புறம் பெண்கள் பாடினர். ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1940இல் கட்சிகள் மூன்றும் இணைந்தன. பெண்களும் சந்நிதியில் பாடும் உரிமை நிலைத்தது. இன்று தொலைக்காட்சியில் ஆராதனையைக் காணும்போது, ஆண்களுக்கு எதிரே பெண்கள் வரிசையாக அமர்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடுவதைக் காண்கிறோம். அவ்வரிசையை இயல்பானது என்று எண்ணுகிறோம். அதற்கும் விலை கொடுக்கப்பட்டது.

சித்தூர் என்னும் ஊர்ப்பெயரையே தம் பெயராக்கிக்கொண்ட நாகையா, 1946இல் ‘தியாகய்யா’ படத்தைத் தாமே இயக்கி நடித்தார். நம் பாட்டனார் பலர் தியாகராசரை முதலில் கண்டது அத்திரையில்தான். திரையில் கண்ட அப்பெரியாரின் சமாதிக்கு மண்டபம் எழுப்பியவர் யாரென்று அவர்களுள் எத்துணைப் பேர் வினவியிருப்பர்?

நான்காவது பொருள் அவருடைய உயில். 1949இல் தம் சொத்துகளைச் சமாதியின் பொருட்டு எழுதி வைத்தார். அதில் ஒரு நிபந்தனை: குல வேறுபாடின்றிப் பெண்களும் அவ்விடத்தில் வழிபடவும் பாடவும் உரிமை பெறவேண்டும். வென்ற உரிமையை அவர் பிறருடைய நன்மனத்தை நம்பி விட்டுச் செல்லவில்லை; பத்திரத்தில் எழுதிவிட்டே சென்றார். 1952ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் திருவையாற்றிலேயே மறைந்தார். சுவாமிகளின் சமாதிக்கு அருகிலேயே அவருக்கும் நினைவிடம் அமைந்தது. அங்கே அவர் சிலை, சுவாமிகளின் சந்நிதியை நோக்கிக் கைகூப்பி அமர்ந்திருக்கிறது.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருவோம்.

எம் அன்னையார் பாடுவார். மேடையில் அன்று, அடுக்களையில். ரயில்வே குவார்ட்டர்ஸில் விளக்கு ஏற்றும் வேளையில் அவர் குரல் எழும்பினால் அண்டை வீட்டுத் தெலுங்குப் பெண்மணிகள் வாயிற்படியில் வந்து அமர்வர். தாம் கற்ற பாட்டுகளையும், ஊர்ப் பாட்டியர் சொன்ன தாலாட்டுகளையும், கும்மிகளையும் பழுப்பேறிய ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். சிலவற்றிற்கு எதிரே, யாரிடம் எவ்வூரில் கற்றது என்ற குறிப்பும் இருக்கும். அவரும் ஒரு கணக்கு வைத்திருந்தார். அவர் மறைந்து ஓராண்டுக்குள் எமக்கு மாற்றல் உத்தரவு வந்தது. சாமான் கட்டும் அவசரத்தில், பழைய தாள்களோடு அந்நோட்டையும் எடைக்குப் போட்டுவிட்டோம். பிறர் பார்சல்களை வாழ்நாளெல்லாம் எடை போட்டுச் சீட்டு ஒட்டிக் கணக்கில் ஏற்றும் கை, தன் தாயின் பொருளுக்குச் சீட்டு ஒட்டத் தவறியது. புதிய ஊரில் பெட்டிகளைப் பிரித்த அன்றிரவுதான் நினைவு வந்தது. அப்பாட்டுகளுள் எமக்கு இன்று முழுமையாகத் தெரிந்தவை இரண்டே. எம் மகளுக்கு ஒன்றும் தெரியாது.

இதனை இரக்கம் வேண்டிச் சொல்லவில்லை. இச்சபையிலுள்ள பலர் வீடுகளிலும் இவ்வாறு ஒரு நோட்டோ, ஓர் ஆர்மோனியமோ, ஒரு கோலப் புத்தகமோ பரணில் கிடக்கும் என்பதால் சொல்லுகிறோம். நாம் இடம்பெயர்ந்து வாழ்வோர். ஊரில் இருப்போருக்குச் சுவரும் மரமும் நினைவூட்டும். நமக்குப் பெட்டிக்குள் வந்ததே ஊர்.

ஆதலின் சங்கத்தின் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது: நம் சங்க நூல்நிலையத்தில் ஓர் அலமாரியை ஒதுக்குக. குடும்பங்கள் தத்தம் வீட்டுப் பாட்டு நோட்டுகளையும் பழைய கடிதங்களையும் கொணர்க. கொடுக்க மனம் இல்லாதவர் படி எடுத்தேனும் தருக. ஒவ்வொன்றிற்கும் யாருடையது, எவ்வூரது என்று சீட்டு எழுதும் வேலையை யாமே ஏற்றுக்கொள்ளுகிறோம். அவ்வேலை எமக்குப் பழக்கமானது, இம்முறை தவறமாட்டோம்.

இரண்டாவது: இன்றைய அழைப்பிதழை எடுத்துப் பாருங்கள். தலைவர் பெயர், செயலாளர் பெயர், எம் பெயர் எல்லாம் அச்சேறியுள்ளன. இறைவணக்கம் பாடிய எழுவர் மட்டும் ‘மகளிர் குழுவினர்’ என்று ஒரே சொல்லாகிவிட்டனர். இதில் எவர் மீதும் குறை கூறவில்லை. அச்சுப்படி திருத்திய கை எம்முடையதே. அடுத்த ஆண்டு அவ்வெழுவர் பெயரும் தனித்தனியே அச்சேற வேண்டும். கட்டியவளையே பின்புறத்தில் அமர்த்திய பிழை திருவையாற்றில் 1940இல் தீர்ந்தது. நம் அழைப்பிதழில் அது ஒரு வரியளவேனும் தங்கியிருக்கலாகாது.

சத்தியத்திற்குப் பெயர் பெற்ற இத்தலத்தில் சொல்லிவிட்டோம். இனி நாமே பின்வாங்க இயலாது.  சங்கம் வளர்க! நம் இல்லங்களில் தமிழ்ப் பாட்டு ஒலிக்க!