குவிமாடத்தினுள்ளே ஒரு குழலோசை



இசை நம்மை அழவைப்பதுண்டு, மகிழவைப்பதும் உண்டு. இவ்விரண்டும் அல்லாத வேறொரு நிலைக்கு நம்மை இட்டுச்செல்லும் இசையும் உண்டு. தியான இசை என்று அதனை அழைக்கிறோம். அது தரும் உணர்வு யாது? ஓர் இசைப்பதிவைக் கொண்டு இதனைச் சற்று ஆராய்வோம்.

போல் ஹோர்ன் (1930–2014) அமெரிக்க ஜாஸ் கலைஞர். 1968ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ஆக்ராவிலுள்ள தாஜ்மகாலினுள்ளே புல்லாங்குழல் வாசித்து அவர் ஒலிப்பதிவு செய்தார். ‘இன்சைட்’ என்ற பெயரில் அது இசைத்தட்டாக வெளிவந்தது.

அதிலே தாளமில்லை, பக்கவாத்தியமில்லை. எனினும் அவர் தனித்து வாசித்தார் என்று சொல்வதற்கில்லை. வழவழப்பான சலவைக்கல் ஒலியை எளிதில் உறிஞ்சிக்கொள்வதில்லை. ஆகவே, குவிமாடத்தின் கீழ் எழுந்த சுரம், குழல் ஓய்ந்த பின்னரும் நெடுநேரம் உலவித் திரிகிறது. அடுத்த சுரம் அதன்மீது மெல்லப் படிகிறது. விரைந்து வாசித்தால் யாவும் குழம்பிவிடும். ஆதலால், விரைவுக்குப் பேர்போன ஜாஸ் மரபில் வந்த விரல்கள் அங்கே காத்திருக்கின்றன. காவலர் ஒருவரின் நீண்ட குரலும் அப்பதிவிலே கேட்கிறது.

மேலைநாட்டுக் குழல், வட இந்தியக் குரல், பாரசீக மரபும் இந்திய மரபும் கூடிய முகலாயக் கட்டடம் என மூன்று பண்பாடுகள் இங்கே சந்திக்கின்றன. எதுவும் மற்றொன்றாக வேடமிடவில்லை. ஒன்று பேசும்போது மற்றது செவிகொடுக்கிறது. பண்பாட்டுக் கலப்பின் உயர்ந்த இலக்கணம் இதுவென்பேன்.

கேட்கும் நமக்கு நேர்வதென்ன? முதலில், அடுத்து என்ன வரும் என்று மனம் பரபரக்கிறது. சிறிது நேரத்தில் அப்பரபரப்பு ஓய்கிறது. தேய்ந்து செல்லும் ஒவ்வோர் ஒலியையும் அதன் கடைசி இழை வரை செவி பின்தொடர்கிறது. ஒலி எங்கே முடிந்தது, மௌனம் எங்கே தொடங்கியது என்று பிரித்தறிய இயலவில்லை.

தொல்காப்பியர் நகை, அழுகை முதலாக மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்தார். இவ்வுணர்வு அந்த எட்டினுள் அடங்காது. ஆனால், அவற்றின் வேறாக அவர் தொகுத்த மெய்ப்பாடுகளுள்ளே ‘நடுவுநிலை’ என ஒன்றுண்டு. நாம் தேடிய பெயர் அதுவே.

நடுவுநிலை என்பது உணர்ச்சியற்ற நிலையன்று. குழலிசை எழுந்த இடம் எது என்பதை நினைந்து பாருங்கள். அது ஒரு கல்லறை. 1631இல் மறைந்த மும்தாஜுக்காக ஷாஜகான் எழுப்பியது. 1666இல் அவரும் அங்கேயே அடக்கமானார். அத்துயரத்தை அந்த இசை மறைக்கவில்லை. ஆற்றிவிட்டதாகப் பாசாங்கு செய்யவும் இல்லை. துயரின் அருகே அமர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். உறவை இழந்தவர்களுக்குத் தெரியும், ஆறுதல் சொல்லும் பலரிலும் பேசாமல் அருகிருக்கும் ஒருவரே பெருந்துணை என்பது.

இன்று தியான இசை என்ற பெயரிலே உறக்கத்துக்கும் ஓய்வுக்குமான ஒலிகள் மலிந்து கிடக்கின்றன. உறக்கமும் வேண்டியதே. ஆயினும், துயரை மறக்கச் செய்வது வேறு. துயரோடு அமைதியாக இருக்கப் பழக்குவது வேறு. பின்னையதைச் செய்யும் இசையையே கலை என்று நாம் போற்றவேண்டும்.