பாட்டுக்கு ஓர் அறை

(வெள்ளிவிழாவையொட்டி அத்திப்பட்டில் பங்கு மக்களுக்கும் பாடகர் குழுவினருக்கும் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



யூபிலி மேடையில் பங்குத் தந்தை எழுந்து நின்றால், பங்கின் வரலாற்றைச் சொல்வார், நன்கொடையாளரின் பெயர்களை வாசிப்பார், கடைசியில் கட்டட நிதியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லி முடிப்பார் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். அவற்றிற்கெல்லாம் விழா மலரில் வேறு பக்கங்கள் உண்டு. இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது சக்ரீஸ்துக்குப் பின்னால் உள்ள அந்தச் சிறிய அறையைப் பற்றி. "பங்குச் சாமி சுவரெல்லாம் மெத்தை மாட்டுகிறாராம்" என்று ஊரில் அடிபட்ட பேச்சு நம் காதுக்கும் வந்தது. அது மெத்தை அல்ல என்று விளக்கம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

நம் பங்கில் ஒரு பாட்டியம்மாள் இருந்தார். பெயர் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும். இளமையில் உப்பளத்தில் உழைத்தவர். பெரிய வெள்ளிக்கிழமையன்று அவர் புலம்பல் பாடத் தொடங்கினால் ஆலயத்தில் குழந்தைகளும் அசையமாட்டார்கள். இலங்கையில் மறைப்பணி ஆற்றி, 'வியாகுலப் பிரசங்கம்' எழுதித் தந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் 1742-இல் இறந்தார். அவர் காலம் முதல் தமிழ்க் கத்தோலிக்கரின் தவக்காலத்தோடு இந்தப் புலம்பல் மரபு கலந்திருக்கிறது. பாட்டியம்மாள் பாடியதன் சொற்கள் பழைய செபப் புத்தகத்தில் இருந்தன. ராகம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது தாயின் வாயிலிருந்து மகளின் காதுக்கு வந்தது.

வெள்ளிவிழாவுக்குப் பாடல் தொகுப்பு ஒன்று வெளியிடுவது என்று பங்குப் பேரவை தீர்மானித்தபோது, முதலில் அந்தக் குரலையே பதிவு செய்ய விரும்பினோம். நல்ல மைக் வாடகைக்கு எடுத்து, ஆலயத்தின் நடுவில் அவரை அமர்த்திப் பாடச் சொன்னோம். பதினான்கு கண்ணிகளையும் பாடினார். அன்றிரவு கேட்டுப் பார்த்தபோது நமக்கு நெஞ்சு கனத்துவிட்டது. ஈரத் தாளில் எழுதிய எழுத்தைப்போல ஒரு சொல் அடுத்த சொல்லின்மேல் பரவிக் கிடந்தது. ராகத்தின் நெளிவு சுளிவு ஒன்றும் தெளிவாக இல்லை. மைக்கில் குற்றமில்லை, பாட்டியம்மாளிடமும் குற்றமில்லை. குற்றம் சுவர்களிடம் இருந்தது. இக்காலக் கணினி எதிரொலியை ஓரளவு குறைக்கும்; ஆனால் எதிரொலி விழுங்கிய நுட்பத்தை அப்படியே மீட்டுத் தராது.

குருமடத்தில் நமக்குப் பாட்டுக் கற்பித்த முதிய குரு ஒருவர், "தொண்டையால் பாடுவதற்கு முன் காதால் பாடு" என்பார். அதன் பொருள் நமக்கு விளங்கியது அன்றுதான்.

நமக்கு வந்த இடர் புதியதல்ல. 1895-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிய விரிவுரைக் கூடம் ஒன்றில் ஆசிரியர் பேசுவது யாருக்கும் விளங்கவில்லை. சொன்ன சொல் ஏறக்குறைய ஐந்தரை நொடி நேரம் கூடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அதைச் சீர்செய்யும் பொறுப்பு வாலஸ் சபின் என்ற இளம் பௌதிக ஆசிரியரிடம் வந்தது. அவர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து பரப்பி, ஓர் ஆர்கன் குழலை ஊதி நிறுத்தி, ஒலி அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று அளந்தார். மெத்தை கூடக்கூட நேரம் குறைந்தது. அறையின் கன அளவு ஒரு பக்கம், ஒலியை உறிஞ்சும் பரப்பு மறுபக்கம். இவ்விரண்டுக்கும் உள்ள கணக்கை அவர் கண்டுபிடித்தார். 1900-இல் திறக்கப்பட்ட பாஸ்டன் இசையரங்கம் அந்தக் கணக்கைக் கொண்டு அமைந்தது. பேராசிரியரே மெத்தை சுமந்திருக்கிறார். பங்குச் சாமி சுமந்தால் குறையென்ன?

பெரிய ஸ்டூடியோவில்தான் பதிவு செய்ய வேண்டும் என்பதும் இல்லை. ஏ.ஆர். ரகுமான் கோடம்பாக்கத்தில் தம் வீட்டின் பின்புறம் அமைத்த ஸ்டூடியோவிலிருந்துதான் 1992-இல் 'ரோஜா' பாடல்கள் வந்தன. அறை சிறியதாக இருக்கலாம். சீராக இருக்க வேண்டும்.

நம் அறை பன்னிரண்டு அடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம். சிமெண்டுப் பூச்சு ஒலியில் நூற்றில் இரண்டு பங்கைத்தான் உறிஞ்சும். மிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். சபின் கணக்குப்படி பார்த்தால், வெறும் அறையில் கைதட்டிய ஒலி அடங்க நான்கு நொடிக்கு மேல் ஆகும். பேச்சும் பாட்டும் பதிவு செய்ய அரை நொடிக்குள் அடங்க வேண்டும்.

முதலில் நாம் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறோம். இளைஞர்கள் ஊரெல்லாம் சுற்றி முட்டை அட்டைகள் திரட்டி வந்தார்கள். இரண்டு நாள் பசை தடவி ஒட்டினோம். கைதட்டிப் பார்த்தால் கீச்சென்ற ஒலி சற்று மங்கியது. உபதேசியார் பாடினால் பழையபடியே முழங்கியது. மெல்லிய காகிதம் எப்படி ஒலியைப் பிடிக்கும்? தெர்மகோலும் அப்படித்தான். அதனுள்ளே காற்றுப் புகாது. காற்றுப் புகாத இடத்தில் ஒலி உறிஞ்சப்படாது. அதைவிடப் பெரிய ஆபத்து நெருப்பு. 2013-இல் பிரேசில் நாட்டில் சாந்தா மரியா நகரத்து இரவு விடுதியில், கூரையில் ஒட்டியிருந்த ஃபோம் வாணவேடிக்கையால் தீப்பிடித்து, 242 பேர் மாண்டார்கள். மெழுகுவர்த்தி ஏற்றும் இடத்தில் இருக்கும் நாம் அதை மறக்கலாகாது. முட்டை அட்டைகளை அன்றே பிய்த்துப் போட்டோம்.

வழி காட்டியவர் அனல்மின் நிலையத்தில் இன்சுலேஷன் வேலை செய்யும் நம் பங்குச் சகோதரர் ஒருவர். "சாமி, கொதிகலன் குழாயில் நாங்கள் சுற்றும் ராக்வுல் வெப்பத்தை மட்டுமல்ல, சத்தத்தையும் பிடிக்கும்" என்றார். எரிமலைப் பாறையை உருக்கி நூலாக்கிச் செய்யும் கல்பஞ்சு அது. எளிதில் தீப்பற்றாது. அதைக் கடையில் விலை கொடுத்து வாங்கினோம். வேலைத்தலத்திலிருந்து ஒரு துண்டும் வரவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறோம்! கனமீட்டருக்கு 48 கிலோ அடர்த்தி, ஐந்து சென்டிமீட்டர் தடிப்பு, நான்கடிக்கு இரண்டடி அளவு. ஒரு துண்டு ஒன்றே முக்கால் கிலோ இருக்கும்.

இனி வேலையைக் கேளுங்கள். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் செய்யலாம்.

முதலாவது, சட்டம். ரீப்பர் கட்டையால் நான்கடிக்கு இரண்டடியில் சட்டம் அடித்து, பஞ்சுத் துண்டை உள்ளே பொருத்த வேண்டும். முகமூடி, கையுறை, முழுக்கைச் சட்டை மூன்றும் கட்டாயம். பஞ்சின் இழை தோலில் பட்டால் அரிக்கும். நாம் கையுறை போடாமல் தொட்டு, அன்று பூசை முடியுமட்டும் கையைச் சொறியாமல் நின்றது பெரிய ஒறுத்தல்.

இரண்டாவது, துணி. காடாத் துணியை இழுத்துப் போர்த்திப் பின்னால் ஸ்டேப்லர் பின் அடிக்க வேண்டும். எந்தத் துணி ஆகும் என்று அறிய எளிய சோதனை உண்டு. வாயில் வைத்து ஊதுங்கள். மூச்சு மறுபக்கம் வந்தால் ஒலியும் உள்ளே போகும். ரெக்சின், பிளாஸ்டிக் தாள் ஆகா. துணியின்மேல் பெயின்ட் அடிக்கவும் கூடாது. நம் மாதர் சங்கத்தார் ஓரம் மடித்துத் தைத்துக் கொடுத்த அழகைத்தான் ஊரார் மெத்தை என்று எண்ணிவிட்டார்கள்.

மூன்றாவது, இடைவெளி. பலகையைச் சுவரோடு ஒட்டாமல் ஐந்து சென்டிமீட்டர் தள்ளி மாட்ட வேண்டும். காரணம் இதுதான். ஒலி என்பது காற்றின் அசைவு. சுவரை ஒட்டிய இடத்தில் காற்று முன்னும் பின்னும் அசைய முடியாது. அசையாத காற்றைப் பஞ்சு என்ன செய்யும்? சுவரிலிருந்து ஒலியலையின் நீளத்தில் கால் பங்கு தள்ளிய இடத்தில்தான் அசைவு மிகுதி. நொடிக்கு ஆயிரம் முறை அதிரும் ஒலிக்கு அலைநீளம் 34 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு எட்டரை. அது நம் பலகைக்கு எட்டும். நூறு முறை அதிரும் தாழ்ந்த ஒலிக்கு அலைநீளமே 3.4 மீட்டர். கால் பங்கு 85 சென்டிமீட்டர். அவ்வளவு தடிப்பில் பஞ்சு வைத்தால் அறையில் பாட ஆள் நிற்க இடமிராது.

ஆகவேதான் நான்காவதாக மூலைப் பலகை. ஸ்டூடியோக்காரர்கள் இதை 'பேஸ் டிராப்' என்பார்கள். நம் அறையில் அகலமும் உயரமும் ஒன்றே என்று சொன்னோம் அல்லவா? பத்தடி இடைவெளியில் நொடிக்கு 56 முறை அதிரும் ஒலியும், அதன் இரட்டிப்பான 112-உம் சுவருக்குச் சுவர் மோதி அங்கேயே நின்றுவிடும். அகலத்திலும் உயரத்திலும் அதே ஒலி நிற்பதால் முழக்கம் மேலும் கூடும். உபதேசியார் குறிப்பிட்ட ஒரு சுரத்தைத் தொட்டதும் அறை அவரோடு சேர்ந்து பாடியதன் மர்மம் இதுவே. இப்படி நிற்கும் ஒலியின் அழுத்தமெல்லாம் மூலைகளில் வந்து குவியும். இரண்டு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பத்து சென்டிமீட்டர் தடிப்புள்ள பலகை செய்து, மூலையில் குறுக்காகச் சாய்த்து நிறுத்தினால், பின்னால் ஓரடி ஆழத்திற்குக் காற்றிடம் கிடைக்கிறது. தாழ்ந்த ஒலி அங்கே தளர்கிறது. ஒரு மூலையில் கதவு இருப்பதால் மற்ற மூன்றில் எட்டடி உயரத்திற்கு நிறுத்தினோம். முழக்கம் முற்றிலும் போகவில்லை. பாட்டுக்கு இடையூறு செய்யாத அளவு அடங்கியது.

சுவரில் பத்துப் பலகைகள். அவற்றுக்கு இடம் கண்டுபிடித்தது ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியால். மைக் இருக்குமிடத்தில் ஒருவர் உட்கார, மற்றொருவர் கண்ணாடியைச் சுவரோடு நகர்த்திச் செல்வார். பாடுகிறவரின் முகம் எங்கே தெரிகிறதோ, அங்கிருந்துதான் ஒலியும் திரும்பி வருகிறது. அங்கே பலகை. இவ்வளவும் முடிந்தபின் கணக்குப் போட்டால் நான்கு நொடி அரை நொடிக்கும் கீழே வந்துவிட்டது. ஆயத்தப் பலகைகள் வாங்கியிருந்தால் ஆகும் செலவில் ஒரு சிறு பங்குதான் ஆயிற்று.

ஒன்றை மட்டும் மயக்கமின்றி அறிந்துகொள்ளுங்கள். இந்தப் பலகைகள் அறைக்குள் எழும் ஒலியைத் தணிக்கும்; வெளியிலிருந்து வரும் ஒலியைத் தடுக்கா. கும்மிடிப்பூண்டிப் பாதையில் சரக்கு வண்டி போனால் பஞ்சு என்ன செய்யும்? அதற்குக் கனமான சுவர் வேண்டும். கதவிடுக்கு அடைபட வேண்டும். கதவைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டினோம். மிச்சத்திற்குப் பொறுமையே மருந்து. கன்டெய்னர் லாரிகளும் ரயிலும் ஓய்ந்திருக்கும் நேரம் பார்த்து இரவு பதினொரு மணிக்குமேல் பதிவு செய்தோம்.

அறை ஆயத்தமானதும் பாட்டியம்மாளை அழைத்தோம். நாம் முட்டை அட்டையோடு மல்லாடிய அந்த மாதங்களில் அவருக்கு மூச்சிரைப்பு மிகுந்திருந்தது. பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து, "ஏன் சாமி, இங்க என் குரல் எனக்கே கிட்டக் கேக்குதே" என்றார். பதினோரு கண்ணிகள் பாடினார். தண்ணீர் கேட்டார். "மிச்சத்தை அடுத்த வாரம் பாடித் தரேன்" என்றார். அடுத்த வாரம் அவரை நல்லடக்கம் செய்தோம்.

கடைசி மூன்று கண்ணிகளில்தான் ராகம் திரும்பும் என்பது பாடகர் குழுவுக்குத் தெரியும். அந்த மூன்றும் நம்மிடம் ஆலயத்தில் கெட்டுப்போன பழைய பதிவில் மட்டுமே உள்ளன. பேத்தி அதைத் திரும்பத் திரும்பக் கேட்டு, செபப் புத்தகத்தின் சொற்களோடு பொருத்திப் பாடிப் பழகி வருகிறாள். அவள் பாடுவது பாட்டி பாடியதுதானா என்று உறுதி சொல்ல இப்போது யாருமில்லை. தொகுப்பில் பதினோரு கண்ணிகள் பாட்டியின் குரலிலும், மூன்று பேத்தியின் குரலிலும் வருகின்றன. முதலிலேயே கேட்டறிந்து செய்திருந்தால் பதினான்கும் அவர் குரலிலேயே இருந்திருக்கும். அந்தத் தாமதத்திற்கு நாமே பொறுப்பு.

ஆகையால் அன்புக்குரியவர்களே, உங்கள் வீட்டிலும் பாடத் தெரிந்த முதியவர் இருப்பார். தாலாட்டு, நடவுப் பாட்டு, கப்பல் பாட்டு, எதுவானாலும் சரி. அவர் எச்சமயத்தவரானாலும் சரி. அழைத்து வாருங்கள், சாவி உபதேசியாரிடம் இருக்கிறது. வர இயலாதவரானால் வீட்டிலேயே, துணிமணி நிறைந்த சிறிய அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, செல்போனை அருகில் வைத்துப் பதிவு செய்யுங்கள். நல்ல அறை கிடைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். காத்திருந்தால் என்ன ஆகும் என்பதை நாம் கண்டுவிட்டோம்.

இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.